பெயர் சொல்ல விரும்பாதவர்

"குழுவோட முடிவு இன்னும் வரலையா?" என்றாள் மனைவி.

"இல்ல," என்றார் அவர், லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

யார் வேண்டுமானாலும் சேர்ந்து எழுதலாம் என்று இணையத்தில் திறந்துவைத்த ஒரு மென்பொருள். எட்டு வருடமாக அதற்கு அவர்தான் தலைமை. போன வாரம் ஒரு புதுப் பெண் அனுப்பிய திருத்தத்துக்குக் கீழே, "இந்தக் குப்பைக்கு டெலீட் பட்டனே போதும்" என்று எழுதிவிட்டார். பன்னிரண்டு பேர் அதற்குக் கைதட்டல் குறி போட்டார்கள். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் விலகிவிட்டாள். மறுநாளே, எழுதுபவர்களின் நடத்தையைக் கவனிக்கும் குழுவுக்கு அவர்மேல் புகார் போயிருந்தது.

"உங்க மேலயே புகார் கொடுக்க எவனுக்கு இவ்வளவு துணிச்சல்? யாருன்னு தெரிஞ்சா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்!"

"பேரைச் சொல்ல மாட்டாங்க. அது விதி."

மெயில் வந்தது. மனைவி எட்டிப் படித்தாள். அவருக்கு எச்சரிக்கை; எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் திரும்பி வருவதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

"அப்பாடா, வந்துடுவா!" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"உங்களைத் தூக்கலைன்னு சந்தோஷப்படுங்க."

அதே லேப்டாப்பில், பெயரில்லாத வேறொரு முகவரிக்கு இன்னொரு மெயில் வந்து விழுந்தது. மனைவி அதையும் படித்தாள்.

'புகார் அளித்தவருக்கு: தலைவர் மீதே புகார் தரத் துணிந்ததற்கு நன்றி. அவரால் உங்களுக்குத் தொந்தரவு ஏற்பட்டால் உடனே தெரிவிக்கவும்.'

அவள் கணவரையே பார்த்தாள்.

"வேற யாரும் வாயைத் திறக்கலையே," என்றார் அவர்.

"சரி, தொந்தரவு கொடுத்தாரா?"

"ஒரு வாரமா தூங்க விடல. இன்னிக்கு விட்டுடுவாரு."