கடைசிக் கேள்வி

ஏட்டம்மாவின் சட்டப் படிப்பில் இனி மிச்சம் ஆன்லைன் வாய்மொழித் தேர்வு மட்டும்தான். ஜீப்பில் உட்கார்ந்தபடியே போனில் பதில் சொன்னார்.

"கேமராவை ஏம்மா ஆஃப் பண்ணியிருக்கீங்க?" என்றார் பேராசிரியர்.

"டியூட்டில இருக்கேன் சார்."

"வேலையையும் பார்த்துக்கிட்டு, படிப்பையும் கரை சேர்த்துட்டீங்க! சரி, கடைசிக் கேள்வி. ஒருத்தரைக் கைது பண்ணும்போது முதல்ல என்ன சொல்லணும்?"

"எதுக்காகக் கைது பண்றோம்னு சொல்லணும் சார்."

"பிரமாதம்! முழு மார்க் போட்டுடறேன்."

"வேணாம், போடாதீங்க சார்."

போனை அணைத்துவிட்டு இறங்கியவர், எதிரே இருந்த வீட்டின் அழைப்பு மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தார் பேராசிரியர்.

"ஆஸ்பத்திரியில உங்க மனைவி கண் முழிச்சிட்டாங்க சார். யார் அடிச்சதுன்னு சொல்லிட்டாங்க."