ஸ்கேன் பார்த்தது

ஓர் ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் இயந்திரமும் எக்ஸ்ரே இயந்திரமும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தன.

"அந்த லாரி டிரைவர் மாசிலாமணி நெஞ்சிலே ஏதோ நிழல் தெரிஞ்சுது அண்ணே. என்னன்னுதான் புரியலே," என்றது எக்ஸ்ரே.

"உனக்கு என்னிக்குப் புரிஞ்சிருக்கு? நான் உடம்பை மெல்லிசு மெல்லிசாச் சீவினாப்போலப் பார்ப்பேன்டா. ஒண்ணும் தப்பாது!" என்று பீற்றிக்கொண்டது ஸ்கேன்.

வெறும் வயிற்றோடு வந்த மாசிலாமணி அதன் வளையத்துக்குள் படுத்தார். நுரையீரலில் கட்டி இருந்தது. கல்லீரலிலும் நாலு இடத்தில் பரவியிருந்தது.

அவர் எழுந்து வெளியே போனதும், "என்ன பார்த்தீங்க அண்ணே? சொல்லுங்களேன்!" என்று எக்ஸ்ரே கத்தியது.

வெளியே அவர் மனைவி டிபன் டப்பாவைத் திறந்தாள். "காலையிலேருந்து பட்டினி. ரெண்டு இட்லி சாப்பிடுங்க."

"மெதுவாப் பேசுடா," என்றது ஸ்கேன். "முதல்லே அவர் சாப்பிட்டு முடிக்கட்டும்."