அரை மணி நேரம் முன்னாடி

"ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு எவனாவது அஞ்சரைக்கே வருவானா சார்?"

மீசைக்காரர் புகார்க் கடிதத்தை என்ஜினீயரின் மேஜை மேல் வைத்தார். ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்து ஆற்றில் விடுகிற நிலையத்தில் அவருக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். ராத்திரி ஷிஃப்ட் அவருடையது. பகல் ஷிஃப்ட், இரண்டு வருஷம் முன்பு வந்து சேர்ந்த நெட்டையனுடையது.

"சீக்கிரம் வர்றது ஒரு தப்பாங்க?"

"வந்து சும்மா இருந்தாப் பரவாயில்லையே! என் ஷிஃப்ட் முடியறதுக்குள்ள காத்து வால்வைத் திருகறான். ராத்திரி பூரா கண் முழிக்கிறது நான். நல்ல பேர் மட்டும் அவனுக்கு."

அதுதான் விஷயம். ஆற்றில் மீன் திரும்பி வந்துவிட்டது என்று போன மாதம் பேப்பரில் போட்டோ போட்டிருந்தார்கள். நடுவில் நெட்டையன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. ஓரத்தில் மீசைக்காரரின் முழங்கை மட்டும் விழுந்திருந்தது.

"இது யாரோட கைங்க?" என்று அவர் மனைவி வேறு கேட்டுத் தொலைத்தாள். அன்றிலிருந்து மனுஷருக்கு வயிற்றெரிச்சல். நெட்டையன் சிரித்தால் எரிந்தது, சிரிக்காவிட்டாலும் எரிந்தது.

"இன்னொண்ணு சார். தொட்டி வாடை எப்படி இருக்குன்னு நீங்க என்கிட்ட கேட்டா, அவன் முந்திக்கிட்டு, 'அண்ணனுக்குச் சளி சார், நான் பாத்துச் சொல்றேன்'ங்கறான். எனக்குச் சளி பிடிச்சு மூணு வருஷம் ஆச்சு! என்னை கேட்டுக்கு அனுப்பப் பாக்கறான் சார்."

என்ஜினீயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆக்ஸிஜன் மீட்டர் கெட்டுப்போய் எட்டு மாதம். தொட்டியில் காற்றுக் குறைந்தால் அழுகின முட்டை வாடை வரும். உடனே வால்வைத் திறந்துவிட வேண்டும். புது மீட்டர் வரும்வரை ஆபரேட்டரின் மூக்குதான் மீட்டர், மூக்கு சரியில்லாதவர் கேட்டில் வாட்ச்மேன் என்று உத்தரவு போட்டதே அவர்தான்.

நெட்டையனைக் கூப்பிட்டார்.

"அண்ணன் ஷிஃப்ட்ல வால்வைத் தொட்டியா?"

"தொட்டேன் சார்."

"எதுக்கு?"

நெட்டையன் மீசைக்காரரைப் பார்த்தான். அவர் மீசையை நீவிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தப்புதான் சார். மன்னிச்சிடுங்க."

அன்றைக்கே அவனைச் சாக்கடை அடைப்பு எடுக்கிற வண்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

"வர்றேண்ணே. உடம்பைப் பாத்துக்குங்க."

"என் உடம்புக்கு என்ன கேடு? நீ உன் வேலையைப் பாரு" என்றார் மீசைக்காரர்.

நாலாவது நாள் காலை. அஞ்சரை ஆனது, யாரும் வரவில்லை. வால்வைத் தொடவும் ஆளில்லை. இனி போட்டோ எடுத்தால் முழு ஆளாக விழலாம் என்று நினைத்தபடி, தொட்டி ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆற அமர டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஆறே காலுக்கு, பகல் ஷிஃப்ட்டுக்குப் போட்டிருந்த புது ஆள் வந்து சேர்வதற்குள், ஜீப் வந்து நின்றது. என்ஜினீயர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னய்யா பண்றீங்க இங்க? கீழ் ஊர்லேருந்து போன் மேல போன். ஆத்துல மீன் செத்து மிதக்குதாம்!"

"எல்லாம் சரியாத்தானே ஓடிக்கிட்டிருக்கு சார்?"

"சரியாவா? கேட்டுக்கிட்ட வரும்போதே குடலைப் புரட்டுது! இதுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு உங்களுக்கு எப்படி டீ இறங்குது?"

என்ஜினீயரே ஓடிப்போய் வால்வைத் திறந்தார். திரும்பி வந்தவர், மீசைக்காரரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"போகும்போது நெட்டையன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். 'மீட்டரைச் சீக்கிரம் வாங்கி அண்ணன் கையில குடுத்துடுங்க சார். அதுவரைக்கும் அவரை கேட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க'ன்னான். எதுக்குச் சொல்றான்னு எனக்கு அப்பப் புரியல."

மீசைக்காரர் டீ கிளாஸை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மூச்சை இழுத்தார். தொட்டிப் பக்கம் குனிந்து இன்னொரு தடவை இழுத்தார்.

கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்கு... சளி சார்" என்றார்.