ஓரக் குறிப்பு

காசில்லாமல் வந்த மென்பொருளிலா தன் அக்காள் மகனின் நினைவு மலரை அடிப்பது என்று, அஃப்ரியேவின் முதுகுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சுளித்தார் பெரியவர் அடு.

கானாவின் டெச்சிமான் ஊரில் மற்ற தட்டச்சுக் கடைகள் திருட்டுப் பிரதிகளை வைத்துக்கொண்டு மரியாதையாகப் பிழைத்துவந்தன. அவள் ஒருத்திதான் லிப்ரே ஆபீஸை இறக்கி நிறுவியிருந்தாள்.

அமைப்புகளில் பயனர் பெயர் காலியாக இருந்தது. கடையின் பெயரை அடிக்கப் போனவளைத் தடுத்து, தன் பெயரைப் போடச் சொன்னார், 'குடும்பத் தலைவர்' என்ற பட்டத்தோடு. அதைத் திரையில் பார்த்ததும் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

பிறகு மூன்றாம் பக்கத்துக்கு வந்தார். 'துயருறும் மனைவி: டூஃபி.'

அந்த வரியை எடுக்கச் சொன்னார்.

அஃப்ரியே மனசில்லாமல் அழித்தாள். நினைவு மலரில் பெயர் இல்லாதவளை இந்த ஊர் மனைவி என்று ஒப்பாது. மனைவி இல்லையென்றால் வீடும் இல்லை, அது செத்தவரின் தாய்மாமன் குடும்பத்துக்குப் போய்விடும். கூரைத் தகரத்திலிருந்து குளியலறைக் கதவுவரை பாதிக்குப் பாதி டூஃபி தக்காளி விற்றுக் கட்டிய வீடு.

தலைநகர் அக்ராவில் இருக்கும் தம்பி ஏன் என்று கேட்பாரே என்ற கவலை பெரியவருக்கு. அதற்கும் மென்பொருளில் வழி இருந்தது. பக்கத்தின் ஓரத்தில், ஒரு மஞ்சள் கட்டத்தில், தனியாகக் குறிப்பு எழுதி அனுப்பலாம். அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்:

'தம்பி, டூஃபி முறையான மனைவிதான். வழக்கப்படி பெண் வீட்டுக்கு மதுப் புட்டி கொண்டுபோய்க் கட்டிவைத்ததே நாம்தானே. ஆனால் பெயரைப் போட்டால் நாளைக்கு வீட்டைக் கேட்பாள். அதனால் எடுத்துவிட்டேன்.'

தம்பி மெயிலில் சம்மதித்தார். பெரியவர் மறுபடி வந்து, படத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னார். செத்தவரின் படத்தை அல்ல. பிறகு முந்நூறு பிரதி அச்சிடச் சொல்லிவிட்டு ஃபுஃபு சாப்பிடப் போனார்.

சனிக்கிழமை, இறுதிச் சடங்குக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்தி வந்திருந்த சனம் முழுவதும் மூன்றாம் பக்கத்திலேயே நின்றுவிட்டது. பாதிரியார் நான்காம் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். கேட்க ஆள் இல்லை.

ஓரத்தில் அந்தக் குறிப்பு அப்படியே இருந்தது. அதன் மேல் பெரியவரின் பெயர், பட்டம், தேதி, மணி.

அஃப்ரியேவைத் தேடிப் பிடித்து, என்ன காரியம் செய்தாய் என்று அவர் பல்லைக் கடித்தார்.

"ஓரத்துல இருக்கறதையும் அச்சடிக்கவான்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சுங்கய்யா. நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. குடும்பத் தலைவர் பேரு போட்டு எழுதினதை வேணாம்னு சொல்ல நான் யாருங்க?"

அதற்குள் கடைசி வரிசையிலிருந்து டூஃபி எழுந்து வந்தாள். அழுத முகம். கையில் ஏற்கெனவே ஒரு மலர் இருந்தது.

"இன்னொண்ணு குடும்மா," என்றாள். "வக்கீலுக்கு."