மாமனார் பத்தியம்

"எனக்குப் பின்னாடி வெடிப்பு. நாளையிலேருந்து இந்த வீட்டுல மிளகாய் கிடையாது."

எல்லார் கையும் தட்டில் இருக்கும்போது மாமனார் இப்படி அறிவித்தார்.

மகனுக்குப் புரை ஏறியது. "அப்பா! சாப்பிடற நேரத்துல..."

"சாப்பாட்டைப் பத்தித்தானேடா பேசறேன்? மலம் இறுகி ஆசனவாய் கிழிஞ்சிருக்கு. காரம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆயுசு பூரா பஸ் ஓட்டினவன், சீட்டு சும்மா விடுமா?"

பரிமாறும் சாக்கில் நின்றுகொண்டிருந்த மருமகளுக்கு முகம் சிவந்துவிட்டது. அதில் அவர் பேச்சால் வந்த கூச்சம் பாதிதான். மீதிப் பாதிக்குக் காரணம் வேறு.

அந்த வெடிப்பு அவளுக்கும் இருந்தது.

அவளுக்கு வாடிக்கையாளர் சேவையில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "உங்க பிரச்சினையைத் தயங்காம சொல்லுங்க" என்று நாள் முழுக்க ஊரார் பிரச்சினையெல்லாம் கேட்பாள். தன் பிரச்சினையைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. இடது பக்கம் சாய்ந்து பார்ப்பாள், வலது பக்கம் சாய்ந்து பார்ப்பாள். கடைசியில், "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று எழுந்து நின்றுவிடுவாள். கணவனிடம் இடுப்பு வலி என்று சொல்லி வைத்திருந்தாள். இடுப்புக்கு அடுத்த வீடுதானே, பெரிய பொய் இல்லை.

ரகசியமாகப் போய்ப் பார்த்த டாக்டரம்மா, மருந்தைவிடச் சாப்பாட்டைத்தான் அழுத்திச் சொன்னார். கீரை, பழம், தண்ணீர் நிறைய. காரம் தொடவே கூடாது. வெந்நீரில் உட்கார வேண்டும்.

எல்லாம் சரி. மாமியாரின் அடுப்படியில் போய், "காரம் வேண்டாம் அத்தை" என்று எந்த வாயால் சொல்வது? அவர் சமையலில் மிளகாய் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். காய்கறிகள் ஓரமாக ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"உங்களுக்குத் தனியா பண்ணித் தரேன். எங்களை விட்டுடுங்க" என்றார் மாமியார்.

"தனியா ஆக்கிப் போட்டா நோயாளி மாதிரி இருக்கும். எல்லாரும் அதையே சாப்பிடுங்க."

"இந்த மனுஷனுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னா, நம்ம நாக்கையும் சேர்த்துக் கொல்றாரே!"

சரியான சுயநலம் என்று மருமகளும் மனசுக்குள் திட்டினாள். அந்தச் சுயநலத்தில் தனக்கும் ஒரு பங்கு கிடைக்கிறதே என்று உள்ளூரத் துள்ளியதை யாரிடம் சொல்ல?

மறுநாள் தொடங்கியது அட்டகாசம். காலையில் எல்லாருக்கும் ஓட்ஸ் கஞ்சி. மத்தியானம் கீரை. சாயங்காலம் பப்பாளி. தூங்கப் போகும்முன் ஊறவைத்த உலர்திராட்சையைக் கிண்ணத்தில் போட்டு அவரே கொண்டுவந்து கொடுப்பார்.

"தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க. தனியா குடிக்க எனக்குப் போரடிக்குது."

வெந்நீரில் உட்கார பிளாஸ்டிக் டப் வேறு வாங்கிவந்தார். அதுவும் ரெண்டு.

"எதுக்கு மாமா ரெண்டு?"

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமாம். துணி ஊறப் போட வெச்சுக்கோம்மா."

மகன் வெளியே சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தான். மாமியார் பேச்சை நிறுத்திக்கொண்டார். மாமனாரோ பேப்பர் போடுகிறவரிடம்கூடத் தன் பின்பக்கத்து நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க மாமனாருக்கு வெட்கமே கிடையாதுக்கா!" என்று போனில் அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் மருமகள். அப்போது அவள் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அந்த இலவச டப்பில், இதமான வெந்நீரில் உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் ஆபீஸில் ஒரு வாடிக்கையாளர் மூச்சு விடாமல் திட்டித் தீர்த்தார். அவர் ஓய்ந்து போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: இவ்வளவு நேரமும் அசையாமல் உட்கார்ந்தே இருந்திருக்கிறோம்!

புண் ஆறிவிட்டது. மாமனார் வியாதியில் மருமகள் பிழைத்துவிட்டாள்.

பாவம், அவருக்குத்தான் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. எப்போது கேட்டாலும், "இன்னும் கொஞ்ச நாள் பத்தியம் இருந்துடலாம்" என்கிறார். அவரைப் போய்க் கேலி செய்தோமே என்று அவளுக்குக் குறுகுறுத்தது. வேலை முடிந்து வரும்போது, நல்ல பப்பாளியாகப் பொறுக்கி அவருக்கென்று ஒன்று வாங்கினாள்.

தெருமுனையில் ஒரு கறி வறுவல் கடை. வாசலில் மரக்கட்டை ஸ்டூல்கள். அதில் ஒன்றில் மாமனார்!

"இன்னொரு தட்டு கொடுப்பா. மிளகாய்த்தூளை நல்லாத் தூவு."

"மாமா!"

கையில் எடுத்த துண்டு அப்படியே நின்றது.

"என்ன மாமா இது? புண்ணை வெச்சுக்கிட்டு இதைச் சாப்பிட்டா எப்படி ஆறும்? எங்க எல்லாரையும் காயப் போட்டுட்டு நீங்க இங்க..."

கடைக்காரர் குறுக்கே வந்தார். "என்ன புண்ணும்மா? சார் தினமும் இங்கதான் சாப்பிடறார். கிண்ணுனு இருக்காரே!"

அவள் அப்போதுதான் கவனித்தாள். அந்தக் கட்டை ஸ்டூலில், இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல், கால்மேல் கால் போட்டுச் சுகமாக உட்கார்ந்திருந்தார்.

"அப்போ... உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா மாமா?"

மாமனார் விரல்களைத் துடைத்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கத்து ஸ்டூலை அவளிடம் நகர்த்தினார்.

"உக்காரும்மா. இப்பதான் வலிக்காதே."