மேற்குக் கேலரி

“மேற்குக் கேலரி ஆளுகள மட்டும் பெரிய ஸ்கிரீன்ல காட்டிராத தாயி.”

கமிட்டித் தலைவர் பொன்னுச்சாமி குனிந்து, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அசிங்கத்தை எவன் சத்தம் போட்டுச் சொல்வான்?

சத்யப்பிரியா ஹெட்போனைக் கழற்றினாள். திருப்பாலைக்குடிக் கடற்கரையில் அன்றைக்குச் சாயங்காலம் கபடி இறுதிப் போட்டி. சவுக்குக் கம்பில் கட்டிய கேலரிக்கு நோட்டீஸில் ‘ஸ்டேடியம்’ என்று பேர். மூன்று கேமரா ஓடும். கூட்டத்தில் எந்த மூஞ்சி பெரிய ஸ்கிரீனில் ஏறுவது என்பதை அவள் விரல்தான் முடிவு செய்யும்.

“ஏன் சார் காட்டக் கூடாது?”

“வேணாம்னா வேணாம். நம்ம பக்கத்தக் காட்டு. முன்னாடி சேர்ல எங்க வீட்டம்மா உக்காந்திருக்கு. அதை அடிக்கடி காட்டு, சந்தோசப்படும்.”

சொல்லிவிட்டு வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

சத்யப்பிரியா ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள். நம்ம பக்கமாம். கிழக்கே நிலபுலன் உள்ளவர்களுக்கு மெத்தை வைத்த சேர். மேற்கே, அவர்கள் காட்டில் கூலிக்குப் போகிறவர்களுக்குச் சவுக்குக் கம்பு. களத்தில் ரெய்டு போகிற காளிராஜ் யார் வீட்டுப் பிள்ளை? மேற்கே உட்கார்ந்திருக்கும் கூத்தையா மகன். கோப்பை மட்டும் வேண்டுமாம், பெத்தவன் மூஞ்சி வேண்டாமாம்.

“பாத்தியா பிரபு, இந்தாளோட யோக்கியதைய?” என்றாள் ஹெட்போனில்.

“நமக்கெதுக்குக்கா வம்பு?” என்றான் கேமராவோடு மேற்கே நின்ற பிரபு. “இந்தப் பக்கம் எங்கன போட்டி நடந்தாலும் ஸ்கிரீனுக்கு ஆள் சொல்றது அவருதேன். பகைச்சுக்கிட்டா வீட்லதேன் உக்காரணும்.”

அதுவும் நிசம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பாதி முழுக்கக் கிழக்கையே காட்டினாள்.

பொன்னுச்சாமி சம்சாரம் நாகலெட்சுமி அம்மாள் ஸ்கிரீனில் தன்னைப் பார்த்ததும் தாலிச் சங்கிலியை எடுத்து வெளியே போட்டுக்கொண்டார். அடுத்த தடவை முந்தானையை மடித்துவிட்டார். அதற்கடுத்த தடவைக்குள், எந்தப் பக்கம் திரும்பினால் மூக்குத்தி மின்னும் என்று கண்டுபிடித்துவிட்டார். ஆட்டத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று அந்த அம்மாவைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்காது.

இடைவேளையில் பொன்னுச்சாமி மறுபடி வந்தார்.

“அங்கிட்டுக் காட்டலைல?”

“காட்டல சார்.”

“நல்லாருப்ப.”

நல்லாருப்பாளாம். இவர் வாழ்த்தி இவள் வாழ்ந்தாற்போலத்தான். காலையில் மேடையேறி, விளையாட்டுக்கு ஏழை பணக்காரன் கிடையாது, ஏற்றத்தாழ்வு கிடையாது என்று மைக்கை விழுங்கிய வாய் இது. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

கடைசி ரெய்டு. ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை. காளிராஜ் பாடிக்கொண்டே உள்ளே போனான், ஒருத்தனைத் தொட்டான், ரெண்டு பேர் காலைப் பிடித்து இழுக்க இழுக்க, நடுக்கோட்டில் விரல் நுனி படுகிற மாதிரி வந்து விழுந்தான்.

மேற்குக் கேலரியே எழுந்து நின்றது.

“யக்கா, என் கேமராவப் பாரு,” என்றான் பிரபு.

ஒரு வயசான அம்மா. கம்பு மேல் ஏறி நின்று, தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றிக்கொண்டு, ரெண்டு விரலை வாயில் விட்டு விசில் அடித்துக்கொண்டிருந்தார். வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்பு. இந்த மாதிரி ஒரு ஷாட்டுக்காகத்தான் சத்யப்பிரியா இந்த வேலைக்கே வந்தாள்.

பிழைப்பு போனால் போகட்டும். இந்த மூஞ்சியைக் கிழக்குச் சேர்கள் ஒரு தடவையாவது பார்க்கட்டும். பட்டனை அழுத்தினாள்.

வைக்கோல்போர் பெரிசுக்கு அந்த முகம் ஸ்கிரீனில் ஏறியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. சத்யப்பிரியா மாற்றவே இல்லை. நல்லாப் பாருங்கய்யா, பெரிய மனுசங்களா, என்று அப்படியே விட்டுவைத்தாள்.

நாகலெட்சுமி அம்மாள் எழுந்துவிட்டார். ஸ்கிரீனைப் பார்த்தார், மேற்கே பார்த்தார், புருசனைப் பார்த்தார்.

பொன்னுச்சாமி ஓட்டமும் நடையுமாக வந்தார். அவள் பேச்சைத் தயாராக வைத்திருந்தாள்.

“அவங்களும் மனுசங்கதான் சார். இதுக்காக இனி என்னைக் கூப்பிடலைன்னாலும் எனக்குக் கவலையில்ல.”

“ஒன் வேலை எங்க தாயி போகப்போகுது?” ஒயர்ப் பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தார் அவர். “அவுக வேலைதேன் போச்சு.”

“என்ன சார் சொல்றீங்க?”

“காடு எங்க வீட்டம்மா பேர்ல இருக்கு. அது வச்சதுதேன் சட்டம். மொளகாப்பழம் எடுக்குற சமயம் இது. அவுகளுக்கோ காளிராஜ் ஆட்டத்தப் பாக்கணும்னு ஆசை. கபடிக்குன்னு கேட்டா எங்க வீட்டம்மா ஒரு ஆளையும் விடாது. சாவு, கேதம்னா மட்டுந்தேன் விடும். அதான் காலைல நானே ஒரு கேதத்தச் சொல்லி, அம்புட்டுப் பேரையும் வண்டி வச்சு இங்கன அனுப்பிவிட்டேன். தூரத்துல கூட்டத்துக்குள்ள யாரு மூஞ்சியும் அதுக்குத் தெரியாதுன்னு இருந்தேன். எங்க வீட்டம்மா மனசு கேக்காம, மாலை வாங்கிப் போடச் சொல்லி வேற அனுப்புச்சு.”

சத்யப்பிரியா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“யாரு செத்துட்டதாச் சொன்னீங்க?”

பொன்னுச்சாமி நிமிர்ந்து ஸ்கிரீனைப் பார்த்தார்.

“அந்தா, விசிலடிக்குதுல்ல, அந்தப் பஞ்சம்மாளத்தேன்.”