முயலுக்கு ஒதுக்கிய நேரம்

குளக்கரையில் இருந்த நாரை வைத்தியரைப் பார்க்க முறை கிடைப்பது லேசில்லை. விடிவதற்குள் போய் நின்றாலும், "இன்னைக்கு ஆள் நிறைஞ்சு போச்சு, நாளைக்கு வாங்க" என்று வாசலில் இருந்த கிளி திருப்பி அனுப்பிவிடும். குளம்பு வீங்கிய கழுதை பல நாளாக நொண்டிக்கொண்டே வந்து நொண்டிக்கொண்டே திரும்பியது.

ஒரு முயல் மட்டும் தினமும் நேரே உள்ளே போனது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கழுதைக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் வழிமறித்துக் கேட்டது.

"உனக்கு என்னம்மா நோய்?"

"எனக்கு ஒண்ணுமில்லை அண்ணே" என்று சொல்லிவிட்டு முயல் அவசரமாக உள்ளே ஓடியது.

"பார்த்தியா, நோயே இல்லாதவளுக்குத் தினமும் முறை. கிளிக்கு வேண்டியவள் போல" என்று கழுதை பின்னால் நின்ற ஆட்டிடம் பொருமியது. "அவளோட நேரம் ஒருநாள் எனக்குக் கிடைச்சாப் போதும்."

ஆடும் ஆமாம் என்று தலையாட்டியது.

மறுநாள் முயலைக் காணவில்லை. கிளி கழுதையைக் கூப்பிட்டது.

"முயலுக்கு ஒதுக்கின நேரம் காலியா இருக்கு. நீங்க வாங்க."

கழுதை நிமிர்ந்து ஆட்டைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தது.

"அவள் ஏன் வரலை?" என்று உள்ளே போனதும் கேட்டது.

"அவளோட குட்டி இங்கேதான் படுத்திருந்தது" என்றது கிளி. "நேத்து சாயங்காலம் கண்ணை மூடிடுச்சு. இனிமே வரமாட்டா."

நாரை வைத்தியர் மருந்து வைத்துக் கட்டியபோது கழுதை காலை அசைக்கவே இல்லை.

வெளியே வந்ததும் ஆடு கழுதையின் காலில் இருந்த மருந்துக் கட்டையே வெறித்துப் பார்த்தது.

"யாரைப் பிடிச்சு உள்ளே போனீங்க, அண்ணே?"

கழுதை நொண்டிக்கொண்டே நடந்தது.